குதிகாலிலிருந்து வந்த சொல்

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பள்ளியில் படித்தபோதுகூட ஓர் ஆசிரியரும் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில்லை. இப்போது நான் செய்த குற்றம், உட்கார்ந்தது.

சிங்கப்பூரில், நகரின் நடுவிலுள்ள ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் பதினான்கு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். மூன்றாம் மாடியில் படுக்கை விரிப்பு, தலையணை, துவாலை எல்லாம் என் பொறுப்பு. ஒரு துணியைத் தடவிப் பார்த்தே அது துவைக்கத் துவைக்க மென்மையாகுமா முரடாகுமா என்று சொல்லிவிடுவேன். என்னைத் தேடி வந்து தலையணை வாங்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலை தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விற்பனைத் தளத்தில் ஊழியர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நெடுநாளாக அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வார நாட்களில் கடை திறந்து முதல் இரண்டு மணி நேரம் எங்கள் மாடிக்கு ஏர்கான் காற்றைத் தவிர வேறு எதுவும் வராது. மேல் தட்டிலிருந்து பொருள் எடுப்பதற்காக என் பிரிவில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. ஆள் இல்லாத நேரத்தில் அதில் உட்காருவேன். யாராவது படியேறி வந்தால் எழுந்துகொள்வேன்.

உட்கார வேண்டிய தேவை எனக்கு இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி ஆணியை மிதிப்பது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைவரை போவேன். கொஞ்ச நேரத்தில் சரியாகும். எட்டு மணி நேரம் நின்றபிறகு சாயங்காலம் மறுபடி வந்துவிடும்.

போன ஆண்டு எங்கள் மாடிக்குப் புதிய மேலாளர் ஒருவர் வந்தார். முப்பது வயதுச் சீன இளைஞர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருவார். ஆனால் நிற்கிறவர்தான் வேலைக்குத் தயாராக இருக்கிறவர் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, எழுந்திருக்கச் சொல்லிக் கையை மேலே தூக்கிக் காட்டினார். இரண்டாவது வாரம் வாயால் சொன்னார். மூன்றாவது வாரம் என் ஸ்டூலைக் காணவில்லை. மேல் தட்டுப் பொருளுக்குக் கிடங்கிலிருந்து ஏணி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் மெத்தை விரிப்புகள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்தேன்.

கடிதம் அதற்குப் பிறகு வந்தது. மேலாளர் என்னைப் பின்னாலிருக்கும் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆங்கிலக் கடிதம். நான் ஓ லெவல், அதாவது பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்துக்குப் பயந்தவள் இல்லை. ஆனாலும் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். சேவை மனப்பான்மையை எனக்குள் 'இன்கல்கேட்' செய்ய நிர்வாகம் பலமுறை முயன்றும், நான் தொடர்ந்து 'ரிகால்சிட்ரன்ட்' ஆக இருந்துவருவதாக எழுதியிருந்தது.

முதல் சொல் தெரியும். பள்ளிக்கூட விழாவில் யார் பேசினாலும் பிள்ளைகளுக்கு நற்பண்புகளை இன்கல்கேட் செய்ய வேண்டும் என்பார்கள். மனத்தில் பதிய வைப்பது. இரண்டாவது சொல்லைச் செய்தித்தாளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாடியிலிருந்து குப்பை வீசுகிறவர்கள், நடைபாதையில் சிகரெட் பிடிக்கிறவர்கள், கண்ட இடத்தில் காரை நிறுத்துகிறவர்கள், எத்தனை தடவை அபராதம் போட்டாலும் திருந்தாதவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லைப் போடுவார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஸ்டபர்ன் மாதிரிதான் லா, ஆன்ட்டி. பிடிவாதம்."

"அப்ப ஸ்டபர்ன்னே எழுதியிருக்கலாமே. எனக்கும் புரிஞ்சிருக்குமே."

"ஹெச்ஆர்ல ரெடியா வச்சிருக்கிற லெட்டர் இது. பேரை மட்டும் மாத்துவாங்க. சைன் பண்ணுங்க, வெறும் ஃபார்மாலிட்டி."

"சரியா புரியாத வார்த்தைக்குக் கீழ நான் சைன் பண்ண மாட்டேன்."

பேனா மேசைமேல் கிடந்தது. கடைசியில் அவரே தாளை மடித்துக் கொடுத்து, "ஒரு வாரம் டைம் எடுத்துக்குங்க" என்றார்.

செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். அவர் பேருந்து ஓட்டுநர். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு வம்பு? சைன் பண்ணிக் குடுத்துட்டு வேலையப் பாரு."

"ஒக்காந்ததுக்கா?"

"நான் ஒக்காந்து ஒக்காந்தே முதுகு போச்சு. நீ நின்னு நின்னு குதிகால் போச்சு. ரெண்டு பேரும் வேலை மாத்திக்கலாம் வா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை.

நான்கு நாள் கழித்து, மாதக்கணக்கில் காத்திருந்த பாத சிகிச்சைக்கான முறை வந்தது. சிகிச்சை நிபுணர் என் வயதில் பாதிகூட இருக்காத மலாய்ப் பெண். குதிகாலை விரலால் அழுத்தி, எங்கே வலிக்கிறது என்று நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். ஐஸ் வைத்தாயிற்றா, காலணிக்குள் மெத்தை வைத்தாயிற்றா, ஊசி போட்டாயிற்றா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் ஆயிற்று. தொடர்ந்து நிற்கும் வேலை கூடாது, இடையிடையே உட்கார அனுமதிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்து வாங்குமிடத்தில் எண்ணுக்காகக் காத்திருக்கும்போது படித்தேன். முதல் வரியிலேயே என் பெயர், என் வயது, அடுத்து 'ரிகால்சிட்ரன்ட்'.

கடையிலிருந்து இங்கேயும் சொல்லிவிட்டார்களா? ஒரு கணம் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். வரிசையை விட்டுவிட்டு அறைக்கே திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"டாக்டர், என்னைப் பத்தி யாராவது உங்களுக்கு ஃபோன் பண்ணாங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லைக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டார்.

"இது உங்களைச் சொல்லல, ஆன்ட்டி. உங்க வலியைச் சொல்றது. எந்த ட்ரீட்மெண்ட் குடுத்தாலும் கேக்காத வலின்னு அர்த்தம். மெடிக்கல்ல இப்படித்தான் எழுதுவோம்."

கைப்பைக்குள் இருந்த கடைக் கடிதத்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். இரண்டு தாள்களும் அருகருகே கிடந்தன. ஒன்றில் நான், மற்றொன்றில் என் குதிகால். அவர் இரண்டையும் படித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த பாத எலும்புகளின் மாதிரி ஒன்று இருந்தது. எலும்புகளின் மேல் பெயர் ஒட்டியிருந்தார்கள். குதிகால் எலும்பின் பெயர் கால்கேனியஸ். நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சி, ஏ, எல், சி. கடிதத்தில் இருந்த சொல்லின் நடுவிலும் அதே நான்கு எழுத்துகள் அதே வரிசையில் இருந்தன.

"டாக்டர், இந்த ரெண்டும் ஒண்ணா?"

அவர் குனிந்து பார்த்தார். "நான் இதைக் கவனிச்சதே இல்ல. எலும்புங்கிறதால கால்சியத்துல இருந்து வந்த பேருன்னு நினைச்சிட்டிருந்தேன்." என் முறை முடிந்து அடுத்த நோயாளி வர இன்னும் சில நிமிடம் இருந்தது. கணினியைத் தன் பக்கம் திருப்பித் தட்டினார். இருவரும் சேர்ந்து படித்தோம்.

இலத்தீனில் கால்க்ஸ் என்றால் குதிகால். அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்குக் குதிகாலால் உதைப்பது என்று பொருள். முன்னால் 'ரி' சேர்ந்தால் திருப்பி உதைப்பது. குதிரையும் கோவேறு கழுதையும் பின்னங்காலால் விடும் உதைக்கு வைத்த சொல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பணியாத மனிதர்களுக்கு ஆகிவிட்டது. கால்சியமும் கால்க்ஸ் என்ற சொல்லிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது சுண்ணாம்பைக் குறிக்கும் வேறொரு கால்க்ஸ், ஒலியில் மட்டும் ஒற்றுமை.

அதற்குக் கீழே, அதே வேரிலிருந்து பிறந்த மற்றச் சொற்களின் பட்டியல் இருந்தது. அதில் ஒன்று இன்கல்கேட். குதிகாலால் மிதித்து உள்ளே அழுத்துவது என்று போட்டிருந்தது.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரே வாக்கியம். அவர்கள் குதிகாலால் மிதித்தார்கள். நான் குதிகாலால் திருப்பி உதைத்தேன். எழுதியவர், தனக்கே தெரியாமல், நடந்ததை அப்படியே எழுதியிருந்தார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அதே நினைப்பு. தமிழில் இதற்கு என்ன சொல்வோம்? அடங்காதவள், திமிர் பிடித்தவள். ஆணாக இருந்தால் பிடிவாதக்காரன் என்று ஒரு மரியாதையாவது இருக்கும். பிறகு சரியான சொல் கிடைத்தது. சண்டித்தனம். நுகத்தடியைக் கழுத்தில் வைத்ததும் படுத்துக்கொள்ளும் மாட்டுக்குச் சண்டி மாடு என்று பெயர். இலத்தீன்காரனும் நம்மவனும் வண்டியின் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். கையில் சாட்டையோடு, மேலே. சுமை எவ்வளவு, குளம்பில் புண் இருக்கிறதா என்று கீழே இறங்கிப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கால்க்ஸ் என்றதும் நம்முடைய 'கால்' எனக்கும் ஞாபகத்துக்கு வந்தது. இதைச் சொன்னால் எல்லாம் தமிழிலிருந்து போனதுதான் என்று மேசையைத் தட்டும் உறவினர் எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. தற்செயலாக இருக்கும். இருந்தாலும் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது நடுவில் கால் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் எனக்கு ஓய்வுநாள். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைகள் பக்கம் வந்தேன். திரைச்சீலைப் பிரிவில் வேலை செய்யும் தோழியை அங்கே வரச் சொல்லியிருந்தேன். திருநெல்வேலியில் இருந்து கல்யாணமாகி வந்து இங்கே நிரந்தரவாசியானவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தோசையும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரும் வாங்கி வைத்துக்கொண்டு, பதில் கடிதத்தின் வரைவை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் தோசையைத் தொடவே இல்லை.

"அக்கா, பயமா இருக்குக்கா. வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

"ஒக்காந்ததுக்குத் தூக்குனாங்கன்னு எழுதித் தரட்டும். ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன்."

"எங்க ஊர்ல இப்ப இதுக்குச் சட்டமே இருக்குக்கா. துணிக்கடைல வேலை பாக்கறவங்களுக்கு நாற்காலி குடுத்தே ஆகணும். எங்க சித்தி பொண்ணு அப்படி ஒரு கடைலதான் நிக்கா." சொல்லிவிட்டுத் தானே திருத்தினாள். "நின்னா. இப்ப ஒக்காருதா."

நான் வரைவில் இருந்த 'தயவுகூர்ந்து' என்ற சொல்லை அடித்தேன். இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் அடித்தேன்.

பதில் ஒரு பக்கம்தான். என்னை ரிகால்சிட்ரன்ட் என்று குறிப்பிட்டதை ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் பொருள் குதிகாலால் திருப்பி உதைப்பது, மருத்துவக் கடிதப்படி என் பிரச்சினையும் குதிகாலில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். இன்கல்கேட் என்பதன் பொருளையும் எழுதி, சேவை மனப்பான்மை பதினான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது, அதை யாரும் மிதித்து உள்ளே அழுத்த வேண்டியதில்லை என்றேன். மூன்றாம் மாடியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று முடித்தேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, மருத்துவக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தேன்.

மனிதவளப் பிரிவில் கூப்பிட்டார்கள். என்னைவிடக் கொஞ்சம் இளையவரான ஓர் அம்மையார். அவர் முன்னால் மூன்று கடிதங்களும் இருந்தன. என் பதிலைப் படித்தபோது உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பார்த்தேன். ஆனால் குரலில் அது இல்லை.

"மருத்துவக் காரணம் இருக்கிறதால உங்களைப் பரிசுப்பொருள் சுத்தித் தர்ற கவுண்டருக்கு மாத்தலாம். அங்க நாற்காலி இருக்கு."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்குத்தானே கால் வலி?"

"என் பக்கத்துல பெட்டி விக்கிற அங்கிளுக்கு அறுபத்தேழு வயசு. அவர் காலையும் பாத்தீங்களா? குதிகால் போனபிறகுதான் நாற்காலின்னா, எல்லாரும் போக வேண்டியதுதான்."

அவர் பேனாவை உருட்டினார். "சரி. நடந்ததுக்கு வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. எச்சரிக்கைக் கடிதத்தை உங்க ஃபைல்ல இருந்து எடுத்துடறேன்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். வீட்டில் கேட்டிருந்தால் கணவர் உடனே எழுதச் சொல்லியிருப்பார். என் வாய் வேறு மாதிரி பதில் சொன்னது.

"அந்தக் கவுண்டரும் வேண்டாம், லெட்டரை எடுக்கவும் வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும்."

"அடுத்த தடவைன்னா செகண்ட் லெட்டர் வரும்."

"வரட்டும். வேற நல்ல வார்த்தையா பாத்துப் போடுங்க. தேடிப் படிக்கிறேன்."

வெளியே வந்து, இறங்க வேண்டியவள் ஏறும் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டேன். தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துகொண்டேதான் பேசினேன்.

மறுநாள் காலை, கணவர் மீன் பிடிக்கக் கடற்கரைக்கு எடுத்துப்போகும் மடக்கு ஸ்டூலைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடை திறந்தது. ஆள் இல்லை. துவாலை அடுக்குக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன். மறைவாக உட்காரவில்லை. நடைபாதையைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

மேலாளர் வந்தார். கைபேசியில் என்னை ஒரு படம் எடுத்தார். பக்கத்துப் பிரிவில் பயணப்பெட்டி விற்கும் சீனப் பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நானும் பத்து வருடமாகப் பக்கத்தில் நிற்கிறோம், சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசியிருக்க மாட்டோம். அவர் இருப்பதிலேயே பெரிய பெட்டியை உருட்டி வந்தார். படுக்க வைத்தார். அதன்மேல் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அங்கிள், என்ன இது?" என்றார் மேலாளர்.

"டெஸ்டிங் லா. எவ்வளவு வெயிட் தாங்கும்னு கஸ்டமர் கேக்கறாங்க."

மேலாளர் அவரையும் படம் எடுத்துக்கொண்டு போனார். திரைச்சீலைத் தோழி அன்று உட்காரவில்லை. அடுத்த நாளும் இல்லை. தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொள்வாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. உதைக்கும் நேரத்தை அவரவர் குதிகால்தான் தீர்மானிக்க வேண்டும். மூன்றாம் நாள் திரைச்சீலைத் துணிச்சுருள் ஒன்றைக் குறுக்காகப் போட்டு, அதன் நுனியில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் முழுசாக உட்கார்ந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு வயதான அம்மா தலையணை வாங்க வந்தார். நான் எழுந்ததும், கேட்காமலே என் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நல்ல வேளை, இங்கயாவது ஒண்ணு போட்டிருக்காங்க" என்றார். மேலாளர் அப்போது இரண்டடி தள்ளி நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது.

இரண்டாவது கடிதம் வரவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, முதுகு சாய வழியில்லாத நான்கு சாம்பல் நிற ஸ்டூல்கள் எங்கள் மாடிக்கு வந்தன. கூடவே, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும் என்று அச்சடித்த ஒரு தாள். ஊழியர் நலத் திட்டத்தின்கீழ் நிர்வாகமே யோசித்துச் செய்த ஏற்பாடு என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். கை தட்டச் சொன்னார்கள். பெரியவர் தட்டவில்லை. நானும் தட்டவில்லை. தோழி மட்டும் தட்டினாள், உண்மையான சந்தோஷத்தோடு. அதுவும் சரிதான்.

குதிகால் முழுசாகக் குணமாகவில்லை. காலையில் சுவரைப் பிடிப்பது குறைந்திருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில்தான் இருக்கிறது. கணவர் இன்னமும் நான் செய்தது தேவையில்லாத வம்பு என்றுதான் சொல்கிறார். ஆனால் தன் பணிமனையில் இந்தக் கதையை, அந்த இலத்தீன் சொல் உட்பட, எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார் என்று அவருடைய நண்பரின் மனைவி மூலம் தெரிந்தது.

ஆண்டு முடிவில் வேலைத்திறன் மதிப்பீட்டுத் தாள் வந்தது. விற்பனைக்கு நல்ல மதிப்பெண். மனப்பான்மை என்ற வரிசையில் முன்னேற்றம் தேவை என்று போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, ஊழியரின் கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நான் காலியாக விட்டுவிடும் கட்டம். மேலாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். இரண்டாம் மாடிக் காலணிப் பிரிவில் நாள் முழுக்கக் குனிந்தும் முட்டி போட்டும் மற்றவர் கால்களுக்குச் செருப்பு மாட்டிவிடும் பெண்களுக்கு இன்னும் ஓர் இருக்கைகூட வரவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். கட்டம் நிறைந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தேன்.